மேலே இருப்பவள்

பிப்ரவரி 3

கொடி,

கடிதமா, என்னடா இது கூத்து என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ என் குரலைத்தான் கேட்பாய், சொல்வதைக் கேட்கமாட்டாய். பன்னிரண்டு வருடம் ரேடியோ வழியாக உன் காதுக்குள்ளேயே குடியிருந்த குரல் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அதற்கென்றே ஒருவரிடம் பயிற்சி எடுக்கிறேன். அதனால் முதலில் எழுத்து.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பெண். புதிதாக ஆகவில்லை, எப்போதும் அப்படித்தான். இந்தத் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த எட்டு மாதத்தில் மருத்துவரைப் பார்த்தேன், மருந்து எடுத்தேன், தாள்களில் பெயரை மாற்றினேன், உடுப்பை மாற்றினேன். எல்லார் முன்னாலும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். 'உச்சி' என்ற பட்டப்பெயரை மட்டும் மாற்றவில்லை. கீழே நின்று சிக்னல் தருகிற உனக்கு நான் 'கொடி' என்று வைத்தது போல, மேலே இருக்கிற எனக்கு நீ வைத்தது அது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அங்கே நாலாம் நம்பர் கிரேனில் காலையில் ஏறிக் கேபின் கதவைச் சாத்தியதும் நான் செய்த முதல் வேலை பிரேக்கைச் சோதிப்பது இல்லை. டிபன் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்த தோடுகளை எடுத்துக் காதில் போட்டுக்கொள்வேன். துளை வேண்டாத, அழுத்திப் போடுகிற வகை. கண்ணுக்கு ஒரு கோடு மை. பிறகுதான் பிரேக், பிறகுதான் நீ. அறுபது மீட்டர் உயரத்தில் சூரியன் உங்களுக்கெல்லாம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்னாலேயே எனக்கு வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் கண்ணாடியில் என் முகம் தெரியும். பன்னிரண்டு வருடமும் அதைப் பார்த்து நான் பிரமித்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தேன். "என்ன மச்சான், தூங்கிட்டியா?" என்று நீ கீழிருந்து கத்துவாயே, அதுதான் சமாசாரம். இறங்கும் முன் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நாலாம் நம்பருக்கு ஆள் கேட்டு உங்கள் அலுவலகம் அறிவிப்புப் போட்டிருக்கிறது. எனக்குத் திரும்பி வர ஆசை. கீழே நிற்கிற சிக்னல்காரரும் மேலே இருக்கிற ஓட்டுநரும் ஒருவருக்கொருவர் சம்மதக் கையெழுத்துப் போடாமல் ஜோடி சேர்க்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். படிவம் உள்ளே இருக்கிறது. மார்ச் 31 கடைசி நாள்.

உச்சி


ஏப்ரல் 2

கொடி,

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நீ சங்கடப்படவேண்டாம்.

இது நம் வேலையில் நாம் கைக்கொண்ட பழக்கம்தானே. கப்பலின் அடிவயிற்றுக்குள் சுமையை இறக்கும்போது மேலே இருக்கிற எனக்கு ஒன்றுமே தெரியாது. உன் குரல்தான் என் கண். "இறக்கு, இறக்கு, இறக்கு, மெல்ல, மெல்ல" என்று நீ விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். குரல் நின்றுபோனால் ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. கை அந்த நொடியே நிற்கவேண்டும். கீழே எவன் தலைமேல் சுமை தொங்குகிறதோ யாருக்குத் தெரியும்?

எட்டு வாரம் உன் குரல் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உச்சி


ஏப்ரல் 9

உச்சிக்கு,

அடப்பாவி என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டு அடிப்பாவி என்று எழுதினேன். அதுவும் கைக்கு வரவில்லை. முதல் சொல்லிலேயே தடுக்கி விழுகிறவன் எட்டு வாரத்தில் எத்தனை கடிதம் எழுதிக் கிழித்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொள். ஏழு. என் வீட்டுக்காரி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

யார் உன்னை நிறுத்தச் சொன்னது? நான் என்ன ரேடியோவிலா நின்றுகொண்டிருந்தேன்? கடுதாசிக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து வைத்தால் உலகத்தில் ஒருத்தன் யோசிக்கவே கூடாதா? விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாளாம். பெரிய இவள்.

சரி, கோபம் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். என் அப்பா போன நாளன்று நான் எத்தனை மணிக்கு அழுதேன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு மூலம் வந்து நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தது உனக்குத் தெரியும். அதை நான் ரேடியோவில் சொல்லி ரெண்டாம் நம்பர்காரனும் கேட்டுச் சிரித்தான். ஒன்று விடாமல் உன்னிடம் கொட்டினேன். நீ ஒரு ஜோடித் தோட்டைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை "மாற்றல் வந்துடுச்சு மச்சான்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டுப் போய்விட்டாய். உனக்கு நான் அப்படி என்ன செய்தேன்?

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட்டேன், தபாலில் தொலைந்தது என்று பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. பயந்துவிட்டேன். யார்டில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பயம் பாதி. மீதிப் பாதி வேறு. கடிதத்தைப் படித்தபோது என் கூட்டாளி செத்துப்போய் அவன் கையெழுத்தில் வேறு யாரோ எழுதுகிற மாதிரி இருந்தது. யாரிடம் நான் பன்னிரண்டு வருடம் பேசினேன்? அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. இப்போது உன்னையே கேட்கிறேன்.

கொடி


ஏப்ரல் 16

கொடி,

என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

போன வருடம் மே மாதம், மதிய இடைவேளை. நான் இறங்கவில்லை, வழக்கம்போல் மேலேயே சாப்பிட்டேன். நீ பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். இடுப்பில் மாட்டியிருந்த ரேடியோவின் பேசுகிற பட்டன் பெஞ்சு விளிம்பில் அமுங்கிக்கொண்டது. இருபது நிமிடம் உன் பெஞ்சு முழுக்க என் கேபினுக்குள் வந்துவிட்டது.

வாயில் அலுவலகத்தில் புதிதாக ஓர் எழுத்தர் சேர்ந்திருந்தாரே, நகத்துக்குப் பூசிக்கொண்டு வருவாரே, அவரைப் பற்றித்தான் பேச்சு. ஒருவன் அவரைப் போல நடந்து காட்டியிருக்கவேண்டும். எல்லாரும் சிரித்தீர்கள். உன் சிரிப்பை நூறு சிரிப்பில் பிரித்தெடுப்பேன் நான். பிறகு நீ சொன்னாய்: "நல்லவேளை, அதெல்லாம் நம்ம கிரேன்ல ஏறல. ஏறியிருந்தா நான் கீழ நிப்பேனா?"

அப்போது என் காதில் தோடு இருந்தது, கொடி. கையில் பாதிச் சாப்பாடு இருந்தது.

ரெண்டு மணிக்கு, "ரெடியா மச்சான்?" என்று கேட்டாய். ரெடி என்றேன். அன்று மாலைக்குள் உன் குரலை நம்பி இன்னும் முப்பது சுமை இறக்கினேன். ஒன்றும் பிசகவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது: உன் குரலை நம்பாமல் இருக்க என் கைக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் மாற்றல் கேட்டேன்.

செத்துப்போனதாக எழுதியிருக்கிறாய். ஒருவரும் சாகவில்லை. உன் அப்பா போன அன்று உன்னைப் பேசவிட்டு, சுமையை அந்தரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் காற்று அடிக்கிறது என்று பொய் சொன்ன ஆள் நான்தான். உன் மகள் பிறந்தபோது ஹாரனை விடாமல் அடித்துத் திட்டு வாங்கியவளும் நான்தான். நீ பேசியதெல்லாம் என்னிடம்தான். பார்க்காதது மட்டும்தான் நீ வைத்த பாக்கி.

இங்கே நான் தோடு போட்டபடியே இறங்கிய முதல் நாளைச் சொல்லவா? கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறதோ இல்லையோ, சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினேன். கடைசிப் படிக்கு வந்ததும் கால் வரமாட்டேன் என்றது. கீழே டிராக்டர் ஓட்டுகிறவர், கயிறு கட்டுகிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். தரையில் கால் வைத்தேன். ஒருவர் பார்த்தார், ஒருவர் பார்க்காதது போல் இருந்தார், ஒருவர் "நாளைக்கு மழையாமே" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. நாற்பத்து மூன்று வருடம் நான் பயந்துகொண்டிருந்த அந்தத் தரை சாதாரண சிமெண்டுத் தரை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மழையாம் என்றேன், ஆமாம் என்றேன், என்ன பேசினேன் என்று தெரியாமல் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை.

உச்சி


மே 10

உச்சி,

எதிர்வாதம் ஒன்றும் இல்லை. சிரித்தேன். மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தேன் என்று சொல்லலாம், ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் நானாகச் சொன்னது. எனக்கு அது ஞாபகமே இல்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. ஒரு ஆளை வெட்டிவிட்டு, கத்தி எங்கே வைத்தேன் என்று தேடுகிறவன் மாதிரி இருக்கிறேன்.

வாயில் அலுவலகத்துக்குப் போனேன். அந்த எழுத்தர் முன்னால் நின்று, போன வருடம் உங்களைப் பற்றி இப்படிப் பேசினேன், மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க மட்டும்தான் பேசினீங்கன்னு நினைச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். பிறகு, "வந்ததுக்குச் சந்தோஷம். லைன்ல ஆள் நிக்குது, தள்ளிக்கிறீங்களா?" என்றார். தள்ளிக்கொண்டேன். வேறு என்ன எதிர்பார்த்தேன், கட்டிப் பிடித்துக்கொள்வார் என்றா?

அதற்கப்புறம் இன்னொன்று செய்தேன். திட்டாதே. போன செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் துறைமுகத்துக்கு வந்தேன்.

உன்னைப் பார்க்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்றாலை இறக்கை தூக்குகிறார்களாம், பார்க்க வந்த பழைய சிக்னல்காரன் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். உன் கீழே நிற்கிற அந்தச் சின்னப் பெண், அதிகம் போனால் இருபத்தாறு இருக்கும், எனக்கு ஒரு தலைக்கவசமும் காதில் வைத்துக் கேட்க ஒரு ரேடியோவும் கொடுத்துச் சங்கிலிக்கு வெளியே நிற்க வைத்தாள்.

உச்சி, நான் இந்த வேலையில் இருபத்து நாலு வருடம் இருக்கிறேன். அறுபது மீட்டர் நீளத்தில் ஒரே துண்டாக ஒரு சாமான் தரையைவிட்டு எழும்பி நான் பார்த்ததில்லை. ஒரு முனை எழும்பினால் மறு முனையைக் காற்று பிடித்துக்கொள்கிறது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது பாட்டுக்கு எழும்பி, திரும்பி, ஒரு தூங்குகிற குழந்தையைப் படுக்கை மாற்றுகிற மாதிரி கப்பல்மேல் போய்ப் படுத்தது. சத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் கழற்றினேன். அந்தப் பெண் வந்து, "போடுங்க சார், ஆபத்து" என்று திட்டினாள்.

அப்புறம் ரேடியோவில் உன் குரல் வந்தது. "உக்காந்துடுச்சா?" என்றாய். ஒரே ஒரு சொல். நான் பயந்துகொண்டே இருந்தேன், வேறு யாரோவாக இருக்கும் என்று. சுருதி மாறியிருக்கிறது, வழி மாறியிருக்கிறது, ஆனால் சுமை உட்கார்ந்ததும் வருகிற அந்த அவசரமில்லாத இழுவை இருக்கிறதே, அது அப்படியே இருந்தது. அட, இதுதான் அந்தக் குரல் போகவேண்டியிருந்த இடம், முன்னால் கேட்டதெல்லாம் பாதி வழி என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கான்கிரீட் தரையில் ஏது தூசு?

நீ இறங்கி வந்ததைப் பார்த்தேன். முடியைக் கட்டியிருந்தாய். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். எனக்குத் தெரிந்த உச்சி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும். நான் கிட்ட வரவில்லை. அந்தச் சிரிப்புக்குள் என் மூஞ்சியைக் கொண்டுவந்து நீட்ட எனக்கு என்ன தகுதி? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நாலாம் நம்பருக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். என் எட்டு வாரத்தின் லட்சணம் அது, நான்தான் அனுபவிக்கவேண்டும். ஆனால் உன் கீழே நிற்கிற பெண் ஓட்டுநர் பயிற்சிக்குப் போகிறாள் என்று அவளே சொன்னாள். "மேல இருக்கறவங்களைப் பாத்துப் பாத்து எனக்கும் ஏறணும்னு ஆயிடுச்சு சார்" என்றாள். அவள் இடம் ஜூனில் காலியாகிறது. நான் விண்ணப்பித்திருக்கிறேன். மகளுக்கு அந்த ஊரிலேயே கல்லூரி பார்க்கலாம் என்கிறாள் வீட்டுக்காரி, அவள் எனக்கு முன்னாலேயே மூட்டை கட்டிவிட்டாள்.

படிவம் உள்ளே இருக்கிறது. இந்த முறை கையெழுத்துப் போடவேண்டியது நீ. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் எழுது. நான் மூச்சுவிடமாட்டேன்.

கொடி


மே 18

கொடி,

அறுபது மீட்டருக்குக் கீழே மனிதர்கள் எல்லாரும் வெறும் தலைக்கவசம்தான். ஆனால் வானத்தைச் சண்டைக்கு இழுப்பது போல இடுப்பில் ரெண்டு கையும் ஊன்றி நிற்கிற உருவம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. இறக்கையைத் தூக்கும் முன்பே உன்னைப் பார்த்துவிட்டேன். லீவரைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஏன் வந்தான், என்ன சொல்லப்போகிறான் என்று. பிறகு இறக்கை எழும்பியது, உன்னை மறந்துவிட்டேன். வேலை முடிந்ததும் கீழே வந்து தேடினால் நீ இல்லை. ஏழு மணி நேரம் வந்தவனுக்கு எழுபது அடி நடக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்தில் நீ எழுதியது எல்லாம் உண்மை என்று தெரிகிறது. படித்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ ஒளிந்து நின்று பார்த்தாய், கொடி. சங்கிலிக்கு அப்பால் நின்று பார்த்தாய். எனக்கு அது போதாது. என்னை ஒளிந்து பார்க்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பன்னிரண்டு வருடத்தில் நீ ஒரு நாளும் என் கேபினுக்கு ஏறி வந்ததில்லை. உயரம் என்றால் உனக்கு ஆகாது, உன் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட உன் வீட்டுக்காரிதான், எல்லாம் எனக்குத் தெரியும். ஜூன் 14 திங்கட்கிழமை. பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். ஏறி வா. பக்கத்து இருக்கையில் ஒரு சுமை எழும்பி இறங்கும் வரை உட்கார். என் முகத்தைப் பார். அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேனா இல்லையா என்று அங்கே வைத்துச் சொல்கிறேன்.

ஏற முடியவில்லை என்றால் அதுவும் பதில்தான். கோபப்படமாட்டேன்.

உச்சி


ஜூன் 15

உச்சி,

ஒரே துறைமுகத்தில், கூப்பிடு தூரத்தில் விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேற்று மேலே வைத்து நான் பேசியது மொத்தம் மூன்று சொல். "தண்ணி இருக்கா?" "அம்மாடி." அவ்வளவுதான். பாக்கியை எழுதினால்தான் எனக்குத் தீரும்.

முதல் நூறு படி வீம்பில் ஏறினேன். அடுத்த நூறு, சாமி பெயர் எல்லாம் சொல்லிக்கொண்டு. அதற்கு மேல் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டேன். இரும்புப் படி வழியாகக் கீழே தரை தெரிகிறது, எந்த மடையன் அப்படிச் செய்தான்? இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அப்போது ஒரு பறவைக் கூட்டம் எனக்குக் கீழே பறந்து போனது. கீழே! இத்தனை வயதில் பறவையின் முதுகை நான் பார்த்ததே இல்லை. வெயில் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. இவள் இதையெல்லாம் தினம் பார்த்துக்கொண்டு, கீழே நிற்கிற முட்டாளிடம் "ரெடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எடுத்த காலை மேல் படியில் வைத்தேன்.

நீ கதவைத் திறந்தாய். "வா" என்றாய். உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பழைய காலத்திலும் பார்த்ததில்லை. எப்போதும் குனிந்துகொண்டு, அவசரமாக எங்கேயாவது போய்க்கொண்டிருப்பாய். நேற்று நீ எங்கேயும் போகவில்லை. அங்கேயே இருந்தாய்.

பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் குரல் ரேடியோவில் வந்தது. "இறக்கு, இறக்கு, இறக்கு." நான் கீழே நின்று சொல்கிறபோது அது வெறும் கத்தல். மேலே அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் அது காதுக்குள் வந்து உட்கார்ந்து சொல்கிற மாதிரி வருகிறது. தப்பிக்க இடமே இல்லை. போன வருடம் மே மாதம் உனக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உயரத்துக்குப் பயப்படுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய்.

நீ வேலை செய்தாய். ரெண்டு கையும் லீவரில், பார்வை எங்கேயோ, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பு. நீ பாடுவாய் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாய் என்று பார்த்தாலே தெரிந்தது. இருபது டன் உன் விரலுக்குக் கட்டுப்பட்டு இறங்கிக்கொண்டிருந்தது, நீயோ காலையில் முடி சீவுகிற ஒரு பெண்ணைப் போல அமைதியாக இருந்தாய். ஒரு மனுஷி தன் இடத்தில் இருந்தால் இப்படி இருப்பாளா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எதற்கு எனக்குப் பெருமை என்றும் தெரியவில்லை.

சுமை உட்கார்ந்ததும் நீ படிவத்தை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாய். நல்லவேளை, வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுது கேபினை நனைத்திருப்பேன்.

இறங்கி வந்ததும் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிரேன் அடியில் ஏறுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்கிற காவலாளி எனக்கு ஒரு நாற்காலி போட்டார். "இனிமே நீங்கதான் இங்க நிக்கப்போறீங்களாமே. மேல இருக்கறவங்களை உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றேன்.

பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை.

கொடி